இவன் வேலை

தப்பு செய்துவிட்டதைச் சொல்லும்போது அவர் குரலில் எந்த மாற்றமும் இருக்காது. டீ சொல்லட்டுமா என்று கேட்கிற அதே குரல்தான். வலது கை ஆள்காட்டி விரலால் தன் மார்பை இரண்டு தரம் தட்டிக்கொண்டு, "இது இவன் வேல" என்பார். இவன் என்றால் அவர்தான். வேறு யாரையும் அவர் இவன், அவன் என்று பேசி நான் கேட்டதில்லை.

முதன்முதலாக அவருடைய மெக்கானிக் ஷெட்டுக்குப் போன அன்றே அதைக் கேட்டேன். வில்லியனூரிலிருந்து பத்துக்கண்ணு போகிற சாலையில் ஒரு மரவாடியை ஒட்டி இருந்தது அந்த ஷெட். தகரக் கூரை, வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்ய நடுவில் ஒரு குழி, பின்பக்கம் அவருடைய வீடு. நான் போனபோது ஒருவர் சண்டைக்குத் தயாராக இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பிரேக்கில் சத்தம் வருகிறது என்று இரண்டாம் முறையாக வண்டியைக் கொண்டுவந்திருக்கிறார். அவர் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"போன வாரம் நீங்க ஓட்டுற விதம்தான் காரணம்னு சொன்னேன் இல்ல? அது இல்ல. கிளிப்ப தலகீழா மாட்டியிருக்கேன். இது இவன் வேல."

சண்டைக்கு வந்தவர் என்னைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். கடைசியில் "சரி, பரவால்ல" என்று சொல்லிவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்தார்.

இப்படித் தப்புச் செய்கிறவரிடமா வண்டியைக் கொடுப்பது என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் எனக்கு வேறு இடம் மிச்சமில்லை. டவுனில் மூன்று பேரிடம் காட்டியாகிவிட்டது. மூன்று பேரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: இந்தக் கியர்பாக்ஸில் யாரும் கை வைக்க மாட்டார்கள், வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள்.

என் இடது கால் இரண்டு வயதில் போலியோவில் போனது. கிளட்சை மிதிக்க முடியாது. அதனால் கிளட்சே இல்லாத, கியர் தானாக மாறுகிற வண்டிதான் எனக்குச் சரி. ஓய்வுபெற்ற ஒரு டாக்டரிடமிருந்து வாங்கியபோதே அது ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. அதற்கு முன்னால், ஒதியம்பட்டில் என் வீட்டிலிருந்து குருவிநத்தம் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குத் தம்பிதான் பைக்கில் கொண்டுபோய் விடுவான். தம்பிக்கு நேரமிருந்தால்தான் எனக்கு நேரம். வண்டி வந்த முதல் வாரம், எந்த வேலையும் இல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் பாகூர் வரை ஓட்டிக்கொண்டு போய் ஒரு கட்டு முளைக்கீரை வாங்கிக்கொண்டு வந்தேன். கீரை எங்கள் தெருவிலேயே கிடைக்கும்.

அந்த வண்டி இரண்டு லட்சத்து முப்பதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியபோது மக்கர் செய்யத் தொடங்கியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் கத்தும். வண்டி சற்று யோசித்துவிட்டுத்தான் நகரும். கொம்பாக்கம் மேட்டில் ஒருநாள் யோசித்துக்கொண்டே நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ்காரர் இறங்கி வந்து திட்டிவிட்டு, என் காலைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார். தம்பி, "வித்துடுக்கா. காலையில நானே கொண்டாந்து விடுறேன்" என்றான். அன்பாகத்தான் சொன்னான். நான் சாவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அன்று ஷெட்டில் இவர் கியர்பாக்ஸின் ஆயில் குச்சியை உருவி, ஒரு வெள்ளைத் தாளில் தடவி, முகர்ந்து பார்த்தார்.

"இந்த ஆயில எப்பவாச்சும் மாத்தியிருக்கீங்களா?"

"மாத்தணும்னே தெரியாதுண்ணே. பொழைக்குமா?"

"தெறந்து பாக்காம சொல்ல மாட்டேன். தெறந்து பாத்தும் தெரியாம போவலாம். இந்த மாதிரிப் பொட்டி இதுவரைக்கும் ரெண்டுதான் பிரிச்சிருக்கேன். அதுல ஒண்ணு வீணாப் போச்சு." மார்பைத் தட்டிக்கொண்டார். "இவன் வேல."

கியர்பாக்ஸைப் பொட்டி என்றுதான் சொல்வார். முந்தைய மூன்று பேருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. இவருக்குத் தெரியாதது என்று ஒன்று இருந்தது. அந்த நம்பிக்கையில் சாவியைக் கொடுத்தேன்.

அது மே மாதம். பள்ளிக்கூடம் விடுமுறை. தினமும் ஷேர் ஆட்டோவில் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது மெக்கானிக்குகளுக்குப் பிடிக்காது என்பார்கள். இவர் ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டார்.

பேட்டரியைக் கழற்றினார். முன்சக்கரங்களுக்குப் போகிற இரண்டு தண்டுகளையும் உருவினார். இன்ஜினை மேலே சங்கிலியில் தொங்கவிட்டு, குழிக்குள் நின்றுகொண்டு, பொட்டியை ஜாக்கியில் தாங்கி அங்குலம் அங்குலமாக இறக்கினார். இறக்கும்போது மெல்லிய குரலில் பேசிக்கொண்டே இருந்தார். "வா. அங்க இல்ல. இந்தாண்ட வா." பொட்டியிடம் பேசுகிறாரா, தன் கையிடம் பேசுகிறாரா தெரியவில்லை.

பிரித்த பாகங்களை ஒரு பழைய வெள்ளை வேட்டியில் கழற்றிய வரிசையிலேயே பரப்பினார். எதையும் தாண்டி நடக்க மாட்டார், சுற்றித்தான் போவார். மூன்றாம் நாள் ஒரு வட்டத் தகட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். இரண்டு பக்கமும் ஒட்டியிருக்க வேண்டிய பூச்சு தேய்ந்து, வெறும் தகடு கருகியிருந்தது.

"இதான் டீச்சர் கிளட்ச்சு. கிளட்ச்சு இல்லாத வண்டின்னு சொல்றோமே தவிர உள்ள இருக்கும். இந்த மாதிரி அடுக்கு அடுக்கா. உங்க காலு மிதிக்க வேண்டியத இத்தினி வருசமா இது மிதிச்சிருக்கு."

என் காலைப் பற்றிப் பேசுகிறவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள், இல்லையென்றால் பேச்சை மாற்றுவார்கள். இவர் ஒரு தகட்டையும் என் காலையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சொல்லிவிட்டு, அடுத்த தகட்டைத் துடைக்கப் போய்விட்டார். அந்தத் தகட்டை நான் வீட்டுக்கு எடுத்துவந்தேன். இன்னும் இருக்கிறது.

அவருடைய மனைவி அடிக்கடி ஷெட்டுக்கு வந்து இட்லித் தட்டைத் தேடுவார். பொட்டிக்குள் ஆயிலுக்கு வழி திறந்து மூடுகிற ஒரு பகுதி உண்டு. உள்ளே எறும்புப் புற்று மாதிரி வளைந்து வளைந்து வழிகள். அதில் சின்னச் சின்ன ஸ்பிரிங்குகள், மிளகு அளவில் இரும்புக் குண்டுகள். அவற்றை ஒவ்வொரு குழியில் ஒவ்வொன்றாகப் போட்டுவைக்க இட்லித் தட்டைவிடச் சரியான பாத்திரம் உலகத்தில் இல்லை என்பது அவர் கருத்து.

"ஆறு தட்டு வாங்கியிருக்கேன் டீச்சர் இதுவரைக்கும்," என்றார் அந்த அம்மா. "வூட்ல ஒண்ணுகூட இல்ல. ஒரு வருசமா தோசதான்."

இவர்கள் மகளின் கல்யாணம் நின்றுபோன கதையை எனக்குச் சொன்னதும் அந்த அம்மாதான். மாப்பிள்ளை வீட்டார் வந்து, பேசி முடித்து, தட்டு மாற்றுகிற நேரம். எட்டுப் பொருத்தம் இருக்கிறது என்று மாப்பிள்ளையின் அப்பா சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இவர் எழுந்து நின்றிருக்கிறார்.

"ஒரு விசயம். பொண்ணு பொறந்த நேரம் நாலு பத்துன்னு எழுதிக் குடுத்தேன் இல்ல, அது குத்துமதிப்பு. அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நான் தூங்கிட்டேன். நர்ஸம்மா எழுப்பி, கொழந்த பொறந்துடுச்சுன்னு சொன்னாங்க. எப்பன்னு கேக்கல. இது இவன் வேல."

வந்தவர்கள் கொண்டுவந்த தட்டுகளோடு வேனில் ஏறிப் போய்விட்டார்கள். மகள் மூன்று மாதம் அவரிடம் பேசவில்லை. பிறகு திண்டிவனத்தில் ஒரு இடம் அமைந்தது. அங்கே ஜாதகமே கேட்கவில்லையாம்.

"உங்களுக்குக் கோபம் வரலையாக்கா?" என்றேன்.

"வராம இன்னா? ஒரு வாரம் சோறு போட்டேன், கொழம்பு ஊத்தல."

ஏதோ ஒரு பெரிய சம்பவம் இருந்திருக்கும், பழைய பொய் ஒன்றினால் யாருக்கோ பெரிய கேடு வந்திருக்கும், அதிலிருந்துதான் இவர் இப்படி ஆகியிருப்பார் என்று நான் நினைத்தேன். அதைச் சுற்றி வளைத்துக் கேட்டேன். அந்த அம்மா சிரித்துவிட்டார்.

"நானும் கேட்டுப் பாத்துட்டேன் டீச்சர். எங்க மாமியாரையும் கேட்டேன். ஒண்ணியும் நடக்கல. சின்னதுலேருந்தே இப்டித்தானாம்."

இந்தக் குணத்தோடு பழகுவது அவ்வளவு சுகமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எதிராளிக்குத் தெரியாத தப்பையெல்லாம் வலியப் போய்ச் சொல்லுவார். மரவாடிக்காரரிடம் ஒருநாள், "நேத்து ஸ்பேனர் ஒண்ணு காணல. நீதான் எடுத்திருப்பன்னு நெனச்சிட்டேன். கட்டில் கீழ கெடந்துது. தப்பு என்னுது" என்று சொல்ல, அதுவரை ஒன்றும் தெரியாமல் நிம்மதியாக இருந்த அந்த மனிதர் ஒரு மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். சொல்லாமலே இருந்திருக்கலாமே என்று நான் கேட்டேன். "நெனச்சது நெனச்சதுதானே" என்றார்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது என் வண்டி தயாராகிவிட்டது. மிதித்தால் நகர்ந்தது. கொம்பாக்கம் மேட்டில் அது ஏறியபோது நான் சத்தமாகச் சிரித்தேன். பின்னோக்கிப் போகும்போது மட்டும் லேசாக ஓர் உதை இருந்தது. பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, நான் ஏழாம் வகுப்பில் இருக்கும்போது ஹெச்.எம். கூப்பிட்டனுப்பினார். யாரோ உங்களைப் பார்க்க வந்திருக்கிறார் என்றார். இவர்தான். டிவிஎஸ் மொபெட்டில் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். ஆசிரியர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்த அறைக்கு நடுவில் நின்றுகொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே மிளகு மாதிரி ஒரு இரும்புக் குண்டு.

"ஏழு போட்டிருக்கணும் டீச்சர். ஆறுதான் போட்டிருக்கேன். பெட்ரோல்ல கழுவுன பேசின் அடியில ஒட்டிகினு இருந்துது, இன்னிக்குத்தான் பாத்தேன். ரிவர்ஸ் போட்டா ஒதைக்குதா?"

"லேசா."

"எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"பழைய வண்டிதானேன்னு..."

"வண்டி பழசு இல்ல. இவன் வேல." எல்லோருக்கும் முன்னால் மார்பைத் தட்டினார். "சாயங்காலம் கொண்டாங்க. முழுசா எறக்க வேணாம், கீழ்மூடியத் தெறந்தாப் போதும்."

அவர் போன பிறகு கணக்கு டீச்சர், "அந்தக் குண்ட தூக்கிப் போட்டிருந்தா யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை.

அந்தக் குண்டைப் போட்டுக் கொடுத்த அன்று அவர் ஒரு விஷயத்தை மூன்று தரம் சொன்னார். வழியில் வண்டி நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. இன்ஜின் ஓடினால்தான் பொட்டிக்குள் ஆயில் ஓடும். இன்ஜின் நின்றிருக்கும்போது சக்கரம் உருண்டால் உள்ளே எல்லாம் ஆயில் இல்லாமல் காய்ந்து சுற்றும், எரிந்துபோகும். போன் செய்தால் தூக்கிக்கொண்டு போகிற லாரியை அனுப்புகிறேன் என்றார். சொன்னது போதாதென்று, டிரைவர் சீட்டுக்கு மேலே வெயில் மறைப்பு இருக்குமே, அதில் ஒரு காகிதம் ஒட்டினார். கயிறு கட்டி இழுக்காதே. கோணல் மாணலான கையெழுத்து.

அந்த வருடம் கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது பாகூர் ஏரிக்கரைச் சாலையில் முழங்கால் அளவு தண்ணீர். நடுவில் இன்ஜின் நின்றுவிட்டது. மறுபடி பிடிக்கவில்லை. போனில் சிக்னல் இல்லை. தண்ணீர் கதவு விளிம்பு வரை ஏறிக்கொண்டிருந்தது. இந்தக் காலை வைத்துக்கொண்டு அந்தத் தண்ணீரில் இறங்கி நடக்க என்னால் முடியாது. கரும்பு இறக்கிவிட்டு வெறும் டிரெய்லரோடு வந்த ஒரு டிராக்டர்காரர் நின்றார். "இன்னாம்மா, தனியா மாட்டிகினீங்க? இருங்க, கட்டிடலாம்" என்று, நான் எதுவும் சொல்வதற்குள் கயிற்றை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

நான் எதுவும் சொல்வதற்குள் என்று எழுதிவிட்டேன். சொல்ல நேரம் இருந்தது. தண்ணீரைத் தாண்டி மேட்டுக்கு வந்ததும் நிறுத்தச் சொல்லியிருக்கலாம். அங்கே சிக்னலும் இருந்தது. அவரோ தானும் வில்லியனூர்ப் பக்கம்தான் போவதாகவும், வீட்டிலேயே விட்டுவிடுவதாகவும் சொன்னார். இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போனால் போதும் என்று இருந்தது எனக்கு. கண்ணுக்கு நேரே அந்தக் காகிதம் தொங்கியது. மழையில் வெயில் மறைப்பை இறக்கி வைக்கத் தேவையில்லை என்று மேலே மடக்கிவிட்டேன். ஒதியம்பட்டு வரை பதினைந்து கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு வந்தோம்.

மறுநாள் காலை வெயில் அடித்தது. தம்பி பானெட்டைத் திறந்து துடைத்துக் காயவைத்ததும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. கியரைப் போட்டால் பொட்டிக்குள் கல் அரைபடுகிற சத்தம். வண்டி அசையவில்லை. போன் செய்த அரை மணி நேரத்தில் மொபெட்டில் வந்து நின்றார்.

"இன்னா ஆச்சு டீச்சர்?"

"நேத்து வரும்போதே ஒரு மாதிரி சத்தம் வந்துச்சுண்ணே. எப்படியோ ஓட்டிக்கிட்டு வந்து சேர்ந்துட்டேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். மூன்று தரம் சொல்லியும், எழுதி ஒட்டியும் கேட்கவில்லையே என்று அவர் நினைப்பாரே என்ற கூச்சம். அவ்வளவுதான். துடைக்கும் துணியோடு நின்றுகொண்டிருந்த தம்பிக்கு டிராக்டர் வந்தது தெரியும். என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு ஏற்கெனவே துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

வண்டியை லாரியில் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டாம் நாள் போன் வந்தது. அதே டீ சொல்லட்டுமா குரல்.

"பொட்டி எரிஞ்சிருக்கு டீச்சர். ஆயில் போவல. புதுசா போட்ட கிளட்ச்சு பிளேட்டு நல்லாருக்கு, ஆனா பல்லுச் சக்கரம், புஷ்ஷு வளையம் எல்லாம் சூட்டுல நீலம் பாரிச்சிருக்கு. போன வாட்டி பூட்டும்போது ஆயில் போற வழிய எங்கியோ நான் அடைச்சிருக்கேன். துணி நூலா, கேஸ்கெட் துண்டா தெரியல. கண்டுபுடிச்சுட்றேன். செலவு என்னுது. இது இவன் வேல."

அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். "சரிண்ணே" என்றேன்.

அவர் தேட ஆரம்பித்தார். முதல் நாள் பொட்டியில் இருக்கும் ஒவ்வொரு ஆயில் வழியிலும் காற்று ஊதிப் பார்த்தார். அடைப்பு இல்லை. மெல்லிய கம்பி விட்டுப் பார்த்தார். இல்லை. எல்லாவற்றையும் பூட்டி, மறுபடி பிரித்து, மறுபடி கழுவி, கழுவிய பெட்ரோலை வேட்டித் துணியில் வடிகட்டிப் பார்த்தார். நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போனேன். போகும்போதெல்லாம் இன்று சொல்லிவிடுவது என்று ஆட்டோவில் ஒத்திகை பார்ப்பேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் வராது. நாள் கூடக்கூட, இழுத்துக்கொண்டு வந்த தப்பு சின்னதாகவும் சொல்லாமல் இருந்த தப்பு பெரியதாகவும் ஆகிக்கொண்டே போனது.

அவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. திண்டிவனத்தில் மகள் வீட்டில்தான் இறந்தார். அவர் கடைசியில் சரிசெய்து கொடுத்த அந்தப் பொட்டி இப்போதும் என் வண்டியில் ஓடுகிறது. மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆயில் மாற்றுவதைத் தவிர வேறு எதற்கும் அதைத் திறக்கவில்லை. ஆனால் அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது, அந்தப் பொய்யைச் சொன்னதிலிருந்து பதினொன்றாம் நாள்தான்.

அது சனிக்கிழமை காலை. நான் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது அவர் மனைவி வாசலில் முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். வழக்கமான சிரிப்பு இல்லை.

"நெட்டப்பாக்கத்துலேருந்து ஒரு ஹார்டுவேர் கடைக்காரரு வந்தாரு டீச்சர் நேத்து. அவரு வண்டியும் உங்களுது மாதிரிதான். உங்க வண்டி எரிஞ்ச கதையச் சொல்லி, வேணாம்னு இவரு திருப்பி அனுப்பிட்டாரு. இனிமே இந்த மாதிரிப் பொட்டியே எடுக்க மாட்டாராம். 'கையி தப்பு பண்ணுது, எங்க பண்ணுதுன்னே தெரியல, எடுக்குறது பாவம்'னு சொல்றாரு. முப்பது வருசத்துல இந்த ஆளு ஒரு வேலைய வேணாம்னு நான் கேட்டதில்ல."

உள்ளே அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, பொட்டியின் ஒரு துளையில் ரப்பர் குழாயைச் செருகி, மறுமுனையை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார். மற்றொரு துளையில் விரலை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் குழாயை எடுத்தார்.

"இன்னும் ரெண்டு நாளு குடுங்க டீச்சர். எங்க அடைச்சேன்னு தெரிஞ்சாப் போதும். தெரியாம பூட்டுனா, மறுபடியும் அதையேதான் பண்ணுவான் இவன்."

"அண்ணே, நீங்க அடைக்கல."

நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னிக்கு நான் ஓட்டிக்கிட்டு வரல. மழையில இன்ஜின் நின்னுடுச்சு. டிராக்டர்ல கயிறு கட்டி இழுத்துக்கிட்டு வந்தோம்."

"இன்ஜின் ஓடவே இல்லியா?"

"இல்ல."

"எம்மாந்தூரம்?"

"பாகூர் ஏரிக்கரையிலேருந்து வீடு வரைக்கும்."

"நிக்காமயா?"

"நிக்காம."

ஒவ்வொரு பதிலுக்கும் அவர் முகம் திறந்துகொண்டே போனது. வேட்டியில் கிடந்த நீலம் பாரித்த புஷ்ஷை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதான். அதான் பிளேட்டு நல்லாருக்கு, இது மட்டும் எரிஞ்சிருக்கு. அதான்!" என்றார். விடை கிடைத்த சந்தோஷத்தில் ஒரு கணம் நான் இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது. பிறகு ஞாபகம் வந்தது. புஷ்ஷை எடுத்த இடத்திலேயே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"எத்தினி நாளாச்சு?"

"பதினோரு நாள்."

"பதினோரு நாளும் ஒனக்குத் தெரியுமா?"

அவர் என்னை அதுவரை ஒருமையில் பேசியதில்லை.

"தெரியும்."

எழுந்து வெளியே போனார். பின்பக்கக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. அவர் மனைவி உள்ளே எட்டிப் பார்த்தார். எல்லாம் காதில் விழுந்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனார். கிளம்பிவிடலாமா என்று நினைத்தேன். கிளம்பினால் மறுபடி இந்த வாசலுக்கு வர முடியாது என்று தோன்றியது. உட்கார்ந்திருந்தேன்.

முகம் கழுவிக்கொண்டு வந்தவர் ஸ்டூலை என் எதிரில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கட்டி இழுத்தீங்களான்னு கேக்கலாம்னு ரெண்டாம் நாளே தோணிச்சு. டீச்சராச்சே, கேட்டா சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடும்னு கேக்கல. கேக்காதது இவன் வேல."

"ஐயோ, இல்லண்ணே. அதுவும் என் தப்புதான். நான்..."

கையை உயர்த்தி நிறுத்தினார். வேட்டியில் பாகங்களைப் பிரித்து வைக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"கேக்காதது என்னுது. அதை நீங்க எடுத்துக்காதீங்க. மத்ததெல்லாம் உங்களுது. செலவும் உங்களுது."

"சரிண்ணே," என்றேன். திரும்பி வந்துவிட்ட அந்த 'நீங்க'வைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது. அவர் அதைக் கவனிக்காத மாதிரி கீழே குனிந்து பல்லுச் சக்கரங்களை ஓரமாக ஒதுக்கினார். பிறகு போனை எடுத்தார். கையில் எப்போதும் ஆயில் இருக்கும் என்பதால் ஸ்பீக்கரில் போட்டு பெஞ்சின் மேல் வைத்துத்தான் பேசுவார்.

"நெட்டப்பாக்கமா? நான்தான்பா. வண்டிய கொண்டா, பாக்குறேன்."

"இன்னா மாஸ்டர், நேத்து மாட்டேன்னீங்க? கையி தப்பு பண்ணுதுன்னீங்க?"

"பண்ணல. நேத்து சொன்னது தப்பு."

"அப்ப அந்த டீச்சர் வண்டி எப்டி எரிஞ்சுது?"

அவர் என் பக்கம் திரும்பவில்லை. பெஞ்சில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது நான் பண்ணதில்லப்பா."

"அப்ப யாரு பண்ணது?"

"நான் பண்ணலன்னுதான் நான் சொல்ல முடியும். மத்தத நான் எப்டி சொல்றது?"

"இன்னா மாஸ்டர் நீங்க, மழுப்புறீங்க?" என்று கேட்டது அந்தக் குரல்.

அவரைப் பார்த்து யாரும் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவருடைய காது மடல் சிவந்தது. ஆனால் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

நான் கையை நீட்டினேன். ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். போனை எடுத்து, சட்டையின் சுத்தமான ஓரத்தில் துடைத்து, என் கையில் வைத்தார்.

"அண்ணே," என்றேன், "அந்த வண்டிக்கார டீச்சர் பேசுறேன்."